ஒன்ராறியோவில் முதல் வேட்டைத் துவக்கு: பம்ப்பா, செமி ஓட்டோவா, இரட்டைக்குழலா?

பயிற்சி வகுப்பு முடிந்து உரிம அட்டை தபாலில் வந்து சேர்ந்ததும் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: "அண்ணை, எந்தத் துவக்கை வாங்கலாம்?" கேட்பவர் பெரும்பாலும் நாலைந்து காணொளிகளைப் பார்த்து, ஒரு பெயரையும் மனதுக்குள் முடிவுசெய்துகொண்டுதான் வருவார். பெயரைப் பிறகு பார்க்கலாம் என்பேன். எதை வேட்டையாடப் போகிறீர்கள், எங்கே போகப் போகிறீர்கள், உங்கள் கை எவ்வளவு நீளம்? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் கடைச் சுவரில் தொங்குவதில் முக்கால்வாசி தானாகவே கழிந்துவிடும்.

ரொறன்ரோவிலும் சுற்றுவட்டாரத்திலும் இருந்துகொண்டு, இதுவரை துவக்கைத் தொட்டே பார்த்திராத ஒருவரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். வன்னியில் வயலைக் காட்டுப்பன்றியிடமிருந்து காக்க அனுமதிப்பத்திரத்தோடு சொட்கன் (ஒரே வெடியில் பல சிறு சன்னங்களைச் சிதறவிடும் துவக்கு; இங்கே பேசப்போவதும் அதைத்தான்) வைத்திருந்த குடும்பங்களில் பிறந்தவர்களும் இங்கே இருக்கிறார்கள். அங்கே கண்டு பழகிய துவக்கை இங்கே தேடி வாங்கினால் ஒரு சிக்கல் வரும். அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் சட்டம், சுருக்கமாக. கனடியத் துப்பாக்கிப் பாதுகாப்புப் பயிற்சியை முடித்து, எழுத்துத் தேர்விலும் செய்முறைத் தேர்விலும் 80 வீதம் எடுக்கவேண்டும். பிறகு துவக்கை வாங்கவும் வைத்திருக்கவும் வேண்டிய, 'பால்' (PAL) என்று எல்லோரும் சொல்லும் உரிமத்துக்கு மத்திய பொலிஸான ஆர்.சி.எம்.பி.யிடம் விண்ணப்பிக்கவேண்டும். முதன்முறை விண்ணப்பிப்பவருக்குக் குறைந்தது 28 நாள் காத்திருப்பு உண்டு. நடைமுறையில் அதைவிடக் கூடவே எடுக்கலாம். குடியுரிமை கட்டாயமில்லை, நிரந்தர வதிவிடம் உள்ளவர்களும் விண்ணப்பிக்கலாம். வேட்டைக்கு இது மட்டும் போதாது. ஒன்ராறியோவின் வேட்டைக் கல்வியை முடித்து, அவுட்டோர்ஸ் கார்ட் என்ற மாகாண அட்டையை எடுத்து, சிறுவிலங்கு உரிமம் வாங்கவேண்டும். தாராவுக்கும் வாத்துக்கும் மத்திய அரசின் இடம்பெயர் பறவை அனுமதியும் வாழிட முத்திரையும் மேலதிகமாக வேண்டும். வான்கோழிக்கும் மானுக்கும் தனித்தனி அனுமதி.

அந்த விண்ணப்பத்தில் உங்கள் மனைவியோ கணவரோ கையெழுத்திடவும் ஓர் இடம் இருக்கிறது. அந்தக் கட்டம் வெறும் சடங்கல்ல. எங்கள் வீடுகளில் பலர் போரைக் கண்டவர்கள். துவக்கு வீட்டுக்குள் வருவது என்றாலே நெஞ்சு பதறுகிற அம்மாக்கள் இருக்கிறார்கள். படிவத்தை நிரப்ப முன்னரே வீட்டில் இருந்து கதையுங்கள். எங்கே பூட்டி வைக்கப்போகிறீர்கள், திறப்பு யாரிடம் இருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வேண்டாம் என்று யாராவது உறுதியாகச் சொன்னால் அதை மதிக்கவேண்டும் என்பது என் எண்ணம்.

எதற்காக வாங்குகிறீர்கள்?

தெற்கு ஒன்ராறியோவில் தொடக்கக்காரர் ஒருவர் எதிர்பார்க்கக்கூடிய வேட்டை நாலு வகை. உள்ளூர்க்காரர் பாட்ரிட்ஜ் என்று அழைக்கும் கிறவுஸ் என்ற காட்டுக்கோழி, முயல் ஆகியவை ஒரு வகை. தாராவும் கனடா வாத்தும் இரண்டாவது. வான்கோழி மூன்றாவது. மான் நாலாவது.

கிறவுஸ் பற்றைக்குள் இருந்து படபடவென்று எழும்பும்போது உங்களிடமிருந்து பத்துப் பதினைந்து மீற்றர் தூரத்தில் இருக்கும். இரண்டு நொடியில் மரங்களுக்கு இடையில் மறைந்துவிடும். காலை தொடக்கம் சிம்கோ கவுண்டியின் காடுகளுக்குள் நடந்து களைத்த கையால் அந்த இரண்டு நொடிக்குள் துவக்கைத் தோளுக்கு உயர்த்தவேண்டும். பாரம் குறைந்த துவக்கும், சன்னம் சீக்கிரம் விரியும் திறந்த சோக்கும் இங்கே உதவும். சோக் என்பது குழல் வாயின் ஒடுக்கம்; அது இறுக இறுகச் சன்னம் நெருக்கமாகப் போகும்.

தாரா வேட்டை இதற்கு முழுக்க எதிர்ப்பக்கம். லோங் பொயின்ற் சதுப்பிலோ சென் கிளெயார் ஏரிக்கரையிலோ நவம்பர் விடியலில் உட்கார்ந்திருப்பீர்கள். தடித்த ஜக்கெற், நனைந்த கையுறை, காலடியில் சேறு. பறவை முப்பது முப்பத்தைந்து மீற்றரில் வேகமாகப் போகும். கொஞ்சம் பாரமான, உதையைத் தாங்குகிற, தண்ணீரும் சேறும் பட்டாலும் இயங்குகிற துவக்குத்தான் அங்கே வேண்டும்.

வான்கோழி இந்த மாகாணத்திலிருந்து ஒருகாலத்தில் அற்றுப்போனது. 1984 தொடக்கம் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து விட்டு மீளப் பெருக்கிய பறவை அது. மரத்தடியில் அசையாமல் உட்கார்ந்து, கூப்பிட்டு வரவழைத்து, தலையையும் கழுத்தையும் பார்த்து ஒரே ஒரு வெடி வைப்பதுதான் முறை. சன்னம் நெருக்கமாகப் போகவேண்டும், ஆகவே இறுக்கமான சோக். மானுக்கோ தனிக்குண்டுத் தோட்டா, அதாவது ஸ்லக். தெற்கில் பல பகுதிகளில் மான் பருவத்தில் றைபிளுக்கு அனுமதி இல்லை, சொட்கன்தான் கொண்டுபோகவேண்டும் என்பதால் இது முக்கியம்.

நாலுக்கும் ஒரே துவக்கு போதுமா என்றால், போதும். ஆனால் எல்லாத் துவக்கும் அதற்குப் பொருந்தாது.

12 கேஜா, 20 கேஜா?

ஓர் இறாத்தல் ஈயத்தைச் சமமான 12 உருண்டைகளாக்கினால் அதில் ஓர் உருண்டை எவ்வளவு அகலமோ, அதுதான் 12 கேஜ் குழலின் உள்துவாரம்: ஏறத்தாழ 18.5 மில்லிமீற்றர். இருபது உருண்டைகளாக்கினால் 20 கேஜ், 15.6 மில்லிமீற்றர். அதனால்தான் எண் குறையக் குறையக் குழல் பெருக்கிறது.

12 கேஜின் பெரிய நன்மை, தோட்டாவுக்கு அலையத் தேவையில்லை என்பது. சின்ன ஊரின் கடையிலும் அது இருக்கும். கிறவுஸுக்கான மென்மையான வெடி தொடக்கம் வாத்துக்கான கனத்த வெடி வரை எல்லாம் கிடைக்கும். நீர்ப்பறவை வேட்டைக்கு இதைத் தாண்டி யோசிக்க வேண்டியதில்லை. இரும்புச் சன்னம் பருமன் கூடியது, பெரிய உறைக்குள்தான் போதிய அளவு கொள்ளும்.

20 கேஜ் பாரம் குறைந்தது. நாள் முழுக்கத் தூக்கி நடப்பவருக்கும், உடல் சிறியவருக்கும், வேட்டை பழகும் பிள்ளைக்கும் நல்லது. ஒன்ராறியோவில் 12 வயதிலேயே ஒரு பெரியவரின் துணையோடு, அவருடைய துவக்கைப் பகிர்ந்து வேட்டை பழகலாம். அப்படி மகளையோ மகனையோ கூட்டிப்போகும் எண்ணம் இருந்தால் 20 கேஜ் பற்றி இரண்டு தரம் யோசியுங்கள். ஆனால் '20 உதைக்காது' என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பவேண்டாம். உதையைத் தீர்மானிப்பதில் துவக்கின் பாரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. மிகவும் பாரம் குறைந்த 20 கேஜில் கனத்த 3 அங்குலத் தோட்டாவைப் போட்டால், பாரமான 12 கேஜ் மென்மையான தோட்டாவோடு உதைப்பதைவிடக் கூடவே உதைக்கும்.

.410 என்ற குழல் அளவு இன்னும் சின்னது, உதை மிகக் குறைவு, அதனால் பிள்ளைகளுக்கு உகந்தது என்று சிலர் வாங்கிக் கொடுப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சன்னம் குறைவாக இருப்பதால் குறி கொஞ்சம் தவறினாலும் பறவை காயத்தோடு பறந்துவிடும். அது கைதேர்ந்தவரின் துவக்கு.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. 20 கேஜ் தோட்டாவின் உறையை மஞ்சள் நிறத்திலேயே செய்வார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. ஜக்கெற் பையில் இரண்டு வகைத் தோட்டாவும் கலந்து கிடந்து, ஒரு 20 கேஜ் தோட்டா தவறுதலாக 12 கேஜ் துவக்குக்குள் போனால், அது தோட்டா உட்காரும் அறையைத் தாண்டிச் சறுக்கி முன்பக்கத்தில் சிக்கி நிற்கும். விசையை அழுத்தினால் 'டிக்' என்ற சத்தம் மட்டும் கேட்கும். தோட்டா போடவில்லை என்று நினைத்து ஒரு 12ஐப் போடுவீர்கள், அதற்கும் இடம் இருக்கும். அதைச் சுட்டால் குழல் உங்கள் இடதுகைக்கு மேலேயே வெடித்துப் பிளக்கும். வீட்டில் இரண்டு கேஜும் இருந்தால் ஒரே பையில் இரண்டையும் வைக்கும் பழக்கம் ஒருநாளும் வேண்டாம்.

பம்ப், செமி ஓட்டோ, இரட்டைக்குழல், ஒற்றைக்குழல்

பம்ப் துவக்கில் முன்பிடியைப் பின்னே இழுத்து முன்னே தள்ளினால் வெற்றுறை வெளியே பாய்ந்து அடுத்த தோட்டா அறைக்குள் ஏறும். வேலை முழுக்க உங்கள் கையில்தான். அதனால் மென்மையான தோட்டா, கனத்த தோட்டா என்று எதையும் அது பேதம் பார்க்காது. றெமிங்டன் 870 1950ஆம் ஆண்டுவாக்கில் சந்தைக்கு வந்தது, ஒரு கோடிக்கும் மேல் விற்றது. மொஸ்பேர்க் 500 1960களின் தொடக்கத்திலிருந்து வருகிறது. இவை இரண்டையும் வைத்துத்தான் பலரும் அடிபடுவார்கள். 870இன் உடல் உருக்கு, மொஸ்பேர்க்கின் உடல் அலுமினியம். 870இல் சேஃப்டி விசைக்குப் பின்னால் குறுக்கே தள்ளும் பொத்தான். மொஸ்பேர்க் 500இல் அது துவக்கின் முதுகில், பெருவிரல் படும் இடத்தில் இருக்கிறது. இடதுகைக்காரருக்கு மொஸ்பேர்க்கை நான் தயங்காமல் சொல்வேன். வலதுகைக்காரர் கடையில் இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்து, பெருவிரல் எதைத் தானாகத் தேடுகிறதோ அதை எடுக்கலாம். தரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

பம்ப்பின் குறை ஒன்றே ஒன்று. பதற்றத்தில் தொடக்கக்காரர் முன்பிடியை முழுக்கப் பின்னுக்கு இழுக்கமாட்டார். பாதியில் தள்ளினால் வெற்றுறை சிக்கும், பறவை போய்விடும். பயிற்சிதான் மருந்து. பதிலுக்கு, ஒரு நன்மை இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை: குழலைக் கழற்றி வேறு குழல் போடலாம். இலையுதிர்காலத் தொடக்கத்தில் பறவைக்கு ஒரு குழல், மான் பருவத்தில் ஸ்லக்குக்கென்று வரிகள் வெட்டிய இன்னொரு குழல். இரண்டாவது துவக்கு வாங்கும் காசு மிஞ்சும்.

செமி ஓட்டோ ஒவ்வொரு விசைக்கும் தானே அடுத்த தோட்டாவை ஏற்றும். இதில் இரண்டு குடும்பங்கள் உண்டு. பெரெற்றா ஏ300 போன்றவை வெடியின் வாயுவில் கொஞ்சத்தை எடுத்து இயங்குபவை. வாயுவில் இயங்கும் துவக்கு உதையை நீட்டி மெதுவாக்கும், தோளுக்கு இதம். ஆனால் கரி படியும், ஒழுங்காகக் கழற்றித் துடைக்கவேண்டும். பெனெல்லியும் ஸ்ரோகர் எம்3000உம் பின்னுதையின் விசையாலேயே இயங்குபவை. உள்ளே சுத்தமாக இருக்கும், பாரமும் குறைவு. தோளில் உதை கூடத் தெரியும். சில செமி ஓட்டோக்கள், வானில் எறியும் களிமண் தட்டைச் சுடும் பயிற்சிக்கான மென்மையான தோட்டாக்களில் அடுத்ததை ஒழுங்காக ஏற்றாது. வாங்க முன்னர் குறைந்தபட்சம் எத்தனை கிராம் தோட்டா வேண்டும் என்று கையேட்டில் பாருங்கள். கனடாவில் செமி ஓட்டோவின் குழல் 470 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் அது கட்டுப்படுத்தப்பட்ட வகைக்குப் போய்விடும். வேட்டைக் குழல்கள் அதைவிட நீளம் என்பதால் சாதாரணமாகப் பிரச்சினை இல்லை. ஆனால் 2020 மே தொடக்கம் பல மாதிரிகள் தடைப்பட்டியலில் சேர்க்கப்பட்டிருக்கின்றன. ஆகவே பாவித்த செமி ஓட்டோ எதையும் வாங்க முன்னர் அந்த மாதிரியின் இன்றைய வகுப்பை ஆர்.சி.எம்.பி. அட்டவணையில் சரிபார்ப்பது நல்லது.

பம்ப்போ செமி ஓட்டோவோ, இடம்பெயர் பறவைகளுக்குப் போகும்போது அறையும், மற்றத் தோட்டாக்கள் காத்திருக்கும் கூடும் சேர்த்து மூன்று தோட்டாவுக்கு மேல் கொள்ளக்கூடாது. கூட்டுக்குள் ஒரு அடைப்புக் கட்டையைச் செருகி இதைச் செய்வார்கள். புதுத் துவக்கோடு அது பெரும்பாலும் பெட்டிக்குள் வரும், எறிந்துவிடாதீர்கள். பாவித்தது என்றால் உள்ளே அது இருக்கிறதா என்று நீங்களே மூன்று போலித் தோட்டா போட்டுப் பாருங்கள். அறை வெறுமையாக இருக்கக் கூட்டுக்குள் மூன்றாவது ஏறினால் கட்டை இல்லை என்று அர்த்தம்.

மேல்கீழ் இரட்டைக்குழல் எனக்கு மிகவும் பிடித்த வகை. மடித்துத் திறந்தால் இரண்டு அறையும் வெளிச்சத்தில் தெரியும். இருபது மீற்றர் தள்ளி நிற்பவருக்கும் 'இவருடைய துவக்கு வெறுமை' என்று தெரியும். வேலி கடக்கும்போது, நண்பர்களோடு நிற்கும்போது இதற்கு ஈடாக எதுவும் இல்லை. இரண்டு குழலுக்கும் இரண்டு விதமான சோக் போடலாம்: முதல் வெடி கிட்டத்துக்கு, இரண்டாவது தூரத்துக்கு. யப்பானின் மிறோக்கு தொழிற்சாலையில் செய்யப்படும் பிறவுணிங் சிற்றோரி, இத்தாலியின் பெரெற்றா 686 போன்றவை பேரப்பிள்ளை காலம் வரை நிற்கும். ஆனால் விலை! நல்லது வேண்டுமென்றால் ஏறத்தாழ 1,500 டொலருக்கு மேல், இந்த இரண்டுக்கும் அதைவிட இன்னும் கூடப் போகும். மலிவான இரட்டைக்குழல்களும் உண்டு. பொருந்தும் இடங்கள் துல்லியமாக இல்லாத இரட்டைக்குழல் சில ஆயிரம் வெடிகளில் ஆடத் தொடங்கிவிடும் என்பதால், அந்த விலைக்கு நல்ல பம்ப் ஒன்றை வாங்குவதே புத்தி. சேறும் உப்பும் இல்லாத கிறவுஸ் காடு, சனிக்கிழமைகளில் தட்டுச் சுடும் கழகம், இவைதான் உங்கள் வாழ்க்கை என்றால் மட்டும் காசு சேர்த்து இரட்டைக்குழலுக்குப் போங்கள்.

பழைய கூயியும் இரும்புச் சன்னமும்

ஒற்றைக்குழலைத் தனியாகச் சொல்லவேண்டும். ரொறன்ரோவிலிருந்து கிழக்கே ஒரு மணிநேரம் ஓடினால் கோபேர்க் வரும். அங்கேதான் எச். டபிள்யூ. கூயியின் தொழிற்சாலை இருந்தது. அவர்களுடைய மொடல் 84 ஒற்றைக்குழல் இந்த நாட்டின் பண்ணை வீடுகளில் கதவு மூலைக்கு மூலை நின்ற துவக்கு. 1961இல் நிறுவனம் கைமாறி, 1979இல் தொழிற்சாலை மூடப்பட்டது. துவக்குகள் இன்னும் சந்தையில் மலிவாகக் கிடைக்கின்றன. வன்னியில் ஒற்றைக்குழல் கண்டு வளர்ந்தவருக்கு அதைக் கையில் எடுத்ததும் ஒரு நெருக்கம் வரும். எளிமையானது, வெளியே தெரியும் சுத்தியல், ஒரு தோட்டா. ஒரே வெடி என்பதால் அவசரப்படாமல் சுடப் பழக்கும். முயலுக்கும் கிறவுஸுக்கும் தாராளமாகப் போதும்.

சிக்கல் தாராவில் வருகிறது. நீர்நிலைகளில் கொட்டிய ஈயச் சன்னத்தைப் பறவைகள் கல்லென்று விழுங்கி நஞ்சேறிச் சாவதால், கனடா முழுவதும் 1999 செப்ரெம்பர் தொடக்கம் இடம்பெயர் பறவைகளுக்கு ஈயச் சன்னம் தடை.  ஆகவே தாராவுக்கு எல்லோரும் பாவிப்பது இரும்புச் சன்னம். ஈயம் மெத்தென்றது, குழலின் இறுக்கமான வாயில் நசுங்கி நழுவும். இரும்பு நசுங்காது. கூயி போன்ற பழைய துவக்குகளில் பெரும்பாலும் குழல் வாயிலேயே நிரந்தரமாக இறுக்கப்பட்ட 'ஃபுல்' சோக் இருக்கும், கழற்ற முடியாது. அதற்குள்ளால் இரும்பைச் சுட்டால் வாய் வீங்கும், வெடிக்கவும் கூடும். பிஸ்மத் என்ற உலோகத்தில் செய்த சன்னம் மென்மையானது, பழைய துவக்குக்கு ஏற்றது. ஆனால் அதன் ஒரு பெட்டி விலையைக் கேட்டால், மலிவாகத் துவக்கு வாங்கிய மகிழ்ச்சி அந்த இடத்திலேயே போய்விடும்.

இன்னொன்று அறையின் நீளம். பழைய துவக்கின் குழலில் 2¾ அங்குலம் என்று பொறித்திருக்கும். 3 அங்குலத் தோட்டாவும் அதற்குள் வசதியாகப் போகும், மூடவும் முடியும். ஏனென்றால் தோட்டாவின் நீளம் சொல்லப்படுவது வெடித்து விரிந்த பின்பு உள்ள நீளம். மடித்து மூடிய நிலையில் அது கட்டை. வெடிக்கும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் அமுக்கம் எகிறும். 'உள்ளே போகிறதுதானே' என்பதை ஒருபோதும் அளவுகோலாக வைக்கவேண்டாம். பொறித்திருப்பதை வாசியுங்கள், எழுத்து தேய்ந்திருந்தால் துவக்குத் திருத்துனரிடம் கொடுத்து அளவெடுங்கள்.

எனவே என் கணக்கில் பழைய ஒற்றைக்குழல் நல்ல இரண்டாவது துவக்கு. முதலாவதாக அதை வாங்கினால் முதல் செப்ரெம்பரிலேயே, நண்பர்கள் தாராவுக்குக் கூப்பிடும்போது, கையைப் பிசைந்துகொண்டு நிற்கவேண்டி வரும். புதுத் துவக்கில் கழற்றி மாட்டும் சோக் பெரும்பாலும் மூன்று வரும். இரும்புக்கு நடுத்தர 'மொடிஃபைட்', கிறவுஸுக்குத் திறந்த 'இம்புறூவ்ட் சிலிண்டர்', ஈயத்தோடு வான்கோழிக்கு இறுக்கமான 'ஃபுல்'. இந்த மூன்றுமே நாலு வகை வேட்டையில் மூன்றை முடித்துவிடும்.

3½ அங்குல அறை உள்ள துவக்கைக் கடைக்காரர் காட்டுவார், 'எல்லாமே சுடலாம்' என்பார். கூடிய விலையும் தாங்கமுடியாத உதையும்தான் மிச்சம். 3 அங்குல இரும்புத் தோட்டா முப்பத்தைந்து மீற்றருக்குள் வரும் எந்த வாத்துக்கும் போதும். அதைத் தாண்டிய தூரத்தில் தொடக்கக்காரர் சுடவே கூடாது.

தோளுக்குப் பொருந்துகிறதா?

றைபிளில் குறிபார்த்துச் சுடுவீர்கள். சொட்கனில் பறவையைப் பார்த்துத்தான் சுடுவீர்கள். துவக்கு உங்கள் கண் போகும் பக்கம் தானாகப் போகவேண்டும். அதனால் பிடங்கின், அதாவது தோளில் வைக்கும் பின்கட்டையின், நீளம் பெயரைவிடவும் கேஜைவிடவும் முக்கியம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வழக்கமான பிடங்கு விசையிலிருந்து அடிப்பலகை வரை 14 அங்குலம் அளவில் இருக்கும். ஐந்தடி ஐந்தங்குல உயரமுள்ள ஒருவருக்கு அது நீளம். அதிலும் நவம்பர் ஜக்கெற்றுக்கு மேலே வைத்தால் இன்னும் நீளம். தோளுக்கு உயர்த்தும்போது அடிப்பலகை கமக்கட்டில் சிக்கும். பிறகு பிடங்கை மேற்கையில் வைத்துச் சுட்டு, இரவு வீட்டில் கையைத் தூக்கமுடியாமல் நீலம் பாய்ந்திருக்கும். 'எனக்குச் சொட்கன் சரிவராது, உதை தாங்கேலாது' என்று விட்டுப்போனவர்களில் பலருக்குக் குறை உடம்பில் இருக்கவில்லை, பிடங்கில் இருந்தது.

கடையில் செய்ய வேண்டியது இது. வேட்டைக்குப் போடும் ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு போங்கள். துவக்கு வெறுமையா என்று நீங்களே திறந்து பார்த்து, கடைக்காரரிடம் கேட்டு, ஆளில்லாத பக்கமாகத் திரும்பி நில்லுங்கள். எதிர்ச்சுவரின் மேல்மூலையில் ஒரு புள்ளியைப் பாருங்கள். கண்ணை மூடுங்கள். துவக்கைக் கன்னத்துக்கும் தோளுக்கும் உயர்த்துங்கள். கண்ணைத் திறவுங்கள். குழலின் மேல் நுனியில் உள்ள மணி அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தால் துவக்கு உங்களுடையது. குழலின் முதுகு முழுக்க நீளமாகத் தெரிந்தால் உங்கள் கண் மேலே நிற்கிறது; துவக்கின் பின்பக்கம் மட்டும் தெரிந்தால் கண் கீழே நிற்கிறது. கன்னத்தை நகர்த்திச் சரிசெய்யவேண்டாம், அடுத்த துவக்கை எடுத்துப் பாருங்கள். சில மாதிரிகளில் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் துண்டுகள் பெட்டிக்குள்ளேயே வரும். 13 அங்குல அளவில் சிறியவர்களுக்கென்றே செய்த பிடங்குகளும் உண்டு. 'சிறுவர் மாதிரி' என்று எழுதியிருந்தால் வளர்ந்தவர்கள் வாங்க வெட்கப்பட வேண்டியதில்லை.

கண்ணையும் சோதியுங்கள். இரண்டு கையையும் நீட்டி, விரல்களால் சின்னத் துவாரம் ஒன்று செய்து, அதற்குள்ளால் தூரத்தில் ஒரு விளக்கைப் பாருங்கள். ஒரு கண்ணை மூடுங்கள். விளக்கு மறையாவிட்டால் திறந்திருக்கும் கண்தான் உங்கள் ஆளும் கண். வலதுகைக்காரருக்கு இடதுகண் ஆள்வது அரிதல்ல. அப்படியென்றால் முதல் நாளிலிருந்தே இடது தோளில் சுடப் பழகுவது நல்லது. ஆண்டுகள் போனபின் மாற்றுவது மிகக் கடினம்.

குழல் நீளத்துக்கு ஒரு வரி போதும்: நீளக் குழல் தூரம் சுடும் என்பது பழைய நம்பிக்கை, 26 அங்குலம் காட்டுக்கும் சதுப்புக்கும் பொதுவாகச் சரி.

என் தெரிவு

முதல் துவக்கு ஒன்றே ஒன்று என்றால் நான் சொல்வது: 12 கேஜ் பம்ப், 3 அங்குல அறை, 26 அங்குலக் குழல், கழற்றி மாட்டும் சோக், உங்கள் தோளுக்குச் சரியான பிடங்கு. புதிதாக ஏறத்தாழ 400 தொடக்கம் 700 டொலருக்குள் முடிக்கலாம். உடல் சிறியவர், தோளில் காயம் உள்ளவர், அல்லது தாராவை விடக் காட்டில் நடக்கவே விரும்புபவர் என்றால் 20 கேஜுக்குப் போங்கள். கையில் கூடக் காசு இருந்தால் அதையே வாயுவில் இயங்கும் செமி ஓட்டோவாக. இந்த இரண்டு வழிக்கும் வெளியே போக முதல் வேட்டைக்காரருக்குப் பெரிய காரணம் இல்லை.

விரலுக்கேற்ற வீக்கமாக வாங்கி, மிச்சக் காசைத் தோட்டாவில் போடுங்கள். ஒரு சுற்றுத் தட்டு 25 வெடி, ஒரு பெட்டித் தோட்டா. பத்துச் சுற்றுச் சுட்ட பம்ப்காரர், பெட்டி பிரிக்காத பெரெற்றாக்காரரை விடப் பறவையைச் சுத்தமாக விழுத்துவார். காயப்பட்டுப் பற்றைக்குள் போய்ச் சாகும் பறவைக்கு நாங்கள் பொறுப்பு; அந்தப் பொறுப்பை விலை கூடிய துவக்கு குறைக்காது.

கடையிலோ தனியாரிடமோ வாங்கும்போது 2022 மே தொடக்கம் விற்பவர் உங்கள் உரிமத்தைச் சரிபார்த்து ஒரு குறிப்பெண் பெறவேண்டும். அது இல்லாமல் தருகிறேன் என்பவரிடம் வாங்காதீர்கள். அன்றே விசைப்பூட்டோ இரும்புப் பெட்டியோ சேர்த்து வாங்குங்கள். வீட்டில் துவக்கு வெறுமையாக, பூட்டப்பட்டு இருக்கவேண்டும். தோட்டா எட்டாத வேறிடத்தில் அல்லது பூட்டுக்குள். வாகனத்தில் வெறுமையாக, வண்டியை விட்டு இறங்கினால் பூட்டிய டிக்கிக்குள்.

வசந்தகாலத்தில் வாங்குவது நல்லது, கோடை முழுக்கத் தட்டுச் சுட நேரம் இருக்கும். செப்ரெம்பருக்கு முன் ஒருநாள் வெடிக்களத்தில் பெரிய கடதாசி ஒன்றைக் கட்டி, 36 மீற்றரில் நின்று நடுவைப் பார்த்து ஒரு வெடி வையுங்கள். சன்னம் அதிகம் விழுந்த இடத்தைச் சுற்றி 76 சென்ரிமீற்றர் அகலத்தில் ஒரு வட்டம் கீறி, அதற்குள் பறவை ஒன்று தப்பக்கூடிய வெற்றிடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சோக்கை மாற்றி அல்லது வேறு தோட்டா போட்டு மறுபடி சுடுங்கள். ஒரே எண் சன்னமாக இருந்தாலும் ஒவ்வொரு நிறுவனத்தின் தோட்டாவும் ஒவ்வொரு குழலிலும் வேறு மாதிரி விழும். நன்றாக விழுந்த தாளின் மூலையில் தோட்டாவின் பெயர், சன்ன எண், சோக், தூரம் நாலையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பருவம் தொடங்கியதும் கடையில் அதே பெட்டியைக் கேட்டு வாங்கலாம்.